மறைமுக ஏலமும் திறந்த ஏலமும்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் விலை உருவாகும் விதம்

1. கேள்வி

ஏலத்தில் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் விலையைத் தீர்மானிப்பது எது? ஏலம் விடும் முறையா, கேட்க வருவோரின் எண்ணிக்கையா, விற்க வந்தவரின் நிலையா?

பருத்தி விலை சரியும் ஆண்டுகளில் காவிரிப் படுகையிலும் அதையொட்டிய மானாவாரி மாவட்டங்களிலும் இந்தக் கேள்வி தெருவுக்கு வந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் முன் உழவர்கள் மறியலில் உட்காரும்போது எழும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துவிட்டார்கள், மறைமுக ஏலத்தை நிறுத்திவிட்டு எல்லோர் முன்னிலையிலும் ஏலம் விடுங்கள். அதிகாரிகளின் மறுமொழியும் பெரும்பாலும் மாறுவதில்லை: ஒருவர் எழுதும் விலை அடுத்தவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் உண்மையான போட்டி இருக்கும், மறைமுக ஏலமே உழவருக்குப் பாதுகாப்பு.

எதிரெதிராகத் தோன்றினாலும் இரு தரப்பும் ஒரு எண்ணத்தில் ஒன்றுபடுகின்றன. விலையைத் தருவது ஏலத்தின் முறைதான் என்று இருவருமே நம்புகிறார்கள். இக்கட்டுரை அந்த நம்பிக்கையைப் பரிசோதிக்கிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் இதற்குப் பொருத்தமான களம். மானாவாரிப் பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டமாக எண்ணப்படுவது பெரம்பலூர். அரியலூரில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரியும் நிலக்கடலையும் எள்ளும் விளைகின்றன. இவை சீட்டு எழுதிப் போடும் மறைமுக ஏலத்துக்குப் போகின்றன. அதே ஊர்களில் ஏரி மீனும் சாலையோரப் புளியும் வாய்விட்டுக் கேட்கும் திறந்த ஏலத்தில் போகின்றன. அதே மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை அரசு மூன்றாவது ஒரு முறையில் ஏலம் விடுகிறது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க இவ்வளவு வாய்ப்பான வட்டாரம் வேறு எளிதில் கிடைக்காது.

2. சட்டம் வந்த வழி

ஒழுங்குமுறைச் சந்தை என்ற ஏற்பாடு பருத்தியில் தொடங்கியது. 1886இல் பேரார் பகுதியில் உள்ள காரஞ்சாவில் இந்தியாவின் முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட பருத்திச் சந்தை அமைந்தது. 1897இல் பேரார் பருத்தி, தானியச் சந்தைச் சட்டம் வந்தது. மான்செஸ்டர் ஆலைகளுக்குக் கலப்படமில்லாத பருத்தி வேண்டியிருந்தது. உழவர் நலன் அப்போதைய முதல் அக்கறையாக இல்லை. உழவர் பக்கமிருந்து பார்க்கும் பார்வை, 1928இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணையத்தோடுதான் வலுப்பெற்றது. எடையில் மோசடி, மாதிரி என்ற பெயரில் கைநிறைய அள்ளுதல், தரகு, மகமை என்று பல பெயர்களில் பிடித்தம், துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுதல் ஆகியவை அன்றைய சந்தையின் நடைமுறைகள். தன் பொருளுக்கு என்ன விலை பேசப்படுகிறது என்பது அருகில் நின்ற உழவருக்கே தெரியாது.

சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கான சந்தை அமைந்தது. பின்னர் 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தில் இன்று நடப்பிலிருக்கும் 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்துதல் (ஒழுங்குமுறை) சட்டம். இந்த ஏற்பாட்டின் மூன்று கூறுகள் நம் கேள்விக்கு முக்கியமானவை. உழவரிடம் தரகோ கமிஷனோ பிடிப்பதில்லை. விற்பனை மதிப்பில் 1 சதவீதச் சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே கட்ட வேண்டும். ஏலத்தில் வந்த உச்ச விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் பேசப்படுகின்றன. மூன்றாவதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. என் வாதம் அந்த மூன்றாவதைச் சுற்றியே அமைகிறது.

3. கூடத்துக்குள் ஒரு லாட்

வண்டியில் வந்த பருத்தி முதலில் எடை போடப்படுகிறது. உழவர் பெயர், ஊர், எடை பதிவாகி ஒரு லாட் எண் கிடைக்கிறது. மூட்டைகளையோ குவியலையோ களத்தில் வரிசையாக வைக்கிறார்கள். குறிப்பிட்ட நேரம் வரை வியாபாரிகள் சுற்றிவந்து பார்க்கிறார்கள்.

இந்தப் பார்வையிடலைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பழகிய வியாபாரி குவியலின் மேலே இருக்கும் பஞ்சைத் தொடமாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். கையில் இறுக்கிப் பிடித்துத் திறப்பார். உலர்ந்த பருத்தி உடனே மலர்ந்து விரியும். ஈரம் இருந்தால் பிடித்த வடிவிலேயே சற்று நேரம் நிற்கும். ஒரு விதையைப் பல்லில் வைத்துக் கடிப்பார். ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்த சரக்கு. மெத்தென்று நசுங்கினால் ஈரம். பிறகு இரண்டு விரல்களுக்கு இடையில் பஞ்சை இழுத்து இழையின் நீளத்தைப் பார்ப்பார். இலைச் சருகு, கொட்டுப் பருத்தி, மஞ்சள் கறை எவ்வளவு என்று கண்ணால் கணக்கிடுவார். ஒரு லாட்டுக்கு இதற்கெல்லாம் ஒரு நிமிடம் கூட ஆகாது. அதற்குள் அவர் மனத்தில் ஒரு விலை விழுந்துவிடுகிறது.

பின்னர் லாட் எண்ணுக்கு நேராகத் தன் விலையை எழுதிப் பெட்டியில் போடுகிறார். நேரம் முடிந்ததும் பெட்டி திறக்கப்படுகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் அதிகபட்சமாக எழுதியவர் யார், எவ்வளவு என்பது அறிவிக்கப்படுகிறது. உழவர் சம்மதித்தால் விற்பனை முடிந்தது.

4. வியாபாரியின் கணக்கு

அந்த ஒரு நிமிடத்தில் விழும் விலை எங்கிருந்து வருகிறது? இதை அறியாத உழவர் ஏலத்துக்கு ஆயத்தமாக வந்தவர் ஆகமாட்டார். கணக்கு ஒன்றும் ரகசியம் அல்ல.

100 கிலோ விதைப் பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ 34 கிலோ பஞ்சும் 64 கிலோ விதையும் கிடைக்கும்; மீதி கழிவு. பஞ்சின் விலை கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, சொல்லப்படும். எடுத்துக்காட்டாக ஒரு நாளில் கண்டி 56,000 ரூபாய், விதை கிலோ 32 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு கிலோ 157 ரூபாய்ச் சொச்சம். 34 கிலோவுக்கு 5,348. விதைக்கு 2,048. ஆக 7,396 ரூபாய். அரவைக் கூலி, லாரி வாடகை, சந்தைக் கட்டணம், ஏற்றுகூலி, வட்டி என்று சுமார் 300 ரூபாயைக் கழித்தால், வியாபாரிக்கு அந்தக் குவிண்டாலின் மதிப்பு ஏறக்குறைய 7,100.

பஞ்சின் அளவு 34இலிருந்து 33 ஆகக் குறைந்தால் மதிப்பில் சுமார் 125 ரூபாய் போகிறது. ஈரம் 8 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம் என்றால் கூடுதலாக 4 கிலோ தண்ணீருக்கு விலை கொடுத்ததாகிறது. அதில் 300 ரூபாய்க்கு அருகில் போய்விடும். இந்தியப் பருத்திக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு 8 சதவீத ஈரத்தை அடிப்படையாக வைத்து, 12 சதவீதம் வரை விலையைக் குறைத்து ஏற்பதற்கும் இதே கணக்குதான் காரணம். 2024–25 பருவத்தில் நடுத்தர இழைக்கு 7,121 ரூபாயும் நீண்ட இழைக்கு 7,521 ரூபாயும் ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஆதரவு விலைக்குக் கீழே ஏலம் போனது என்று சொல்லும்போது, எந்த ஈரத்தில் இருந்த எந்தத் தரப் பருத்தி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நிற்கும். இதைச் சொல்வதால் உழவரின் புகாரைத் தள்ளிவிடுவதாகாது. ஈரத்தின் பெயரால் வெட்டப்பட்டது எவ்வளவு, போட்டி இல்லாததால் வெட்டப்பட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் புகாருக்கு வலு கூடத்தான் செய்யும்.

5. மதிப்பு வேறு, எழுதும் விலை வேறு

7,100 மதிப்புள்ள பருத்திக்கு வியாபாரி 7,100 எழுதமாட்டார். எழுதினால் அவருக்கு மிச்சம் ஏதுமில்லை. எவ்வளவு குறைத்து எழுதுவது என்பதில்தான் ஏலத்தின் உயிர் இருக்கிறது. 1961இல் வில்லியம் விக்ரி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் கேள்வியைக் கணிதமாக்கியது. 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழியில் மிக எளிய மாதிரி ஒன்றை நம் பருத்திக்குப் பொருத்திப் பார்க்கலாம். வியாபாரிகளின் மதிப்பீடுகள் 6,500க்கும் 7,500க்கும் இடையில் சீராகப் பரவியிருப்பதாகவும், ஒருவர் மதிப்பு மற்றவரைச் சாராதது என்றும், எவரும் கூடிப் பேசவில்லை என்றும் கொள்வோம். நம் வியாபாரியின் மதிப்பு 7,100. அவரோடு சேர்த்து இரண்டே பேர் கேட்கிறார்கள் என்றால், அவர் எழுதக்கூடிய விலை 6,800. ஐந்து பேர் என்றால் 6,980. பத்துப் பேர் என்றால் 7,040. பருத்தி அதே பருத்தி, மனிதரும் அதே மனிதர். பெட்டியில் சீட்டுப் போடுவோர் இரண்டிலிருந்து ஐந்தாகக் கூடியதில் மட்டும் குவிண்டாலுக்கு 180 ரூபாய் ஏறியது.

இன்னொரு செய்தியும் இந்த மாதிரியில் இருக்கிறது. இதே அனுமானங்களின் கீழ் திறந்த ஏலம் விட்டாலும் சராசரியில் கிடைக்கும் விலை ஒன்றேதான். முறையை மாற்றுவதால் மட்டும் விலை ஏறாது. ஜெரெமி புலோவும் பால் கிளெம்பரரும் 1996இல் நிறுவியது இதற்கு ஒரு படி மேலே போகிறது. விற்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தாலும் கிடைக்கும் ஆதாயத்தைவிட, போட்டிக்கு ஒரே ஒருவர் கூடுதலாக வந்தால் கிடைப்பது பொதுவாக அதிகம் என்பது அவர்கள் முடிவு. விற்பனைக்கூட நிர்வாகம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைக்கத் தகுந்த முடிவு இது.

கூடிப் பேசினால் என்ன ஆகும்? இங்கே முறைக்கும் ஒரு பங்கு உண்டு. திறந்த ஏலத்தில் கூட்டணியை மீறி ஒருவர் விலை ஏற்றினால் அந்த இடத்திலேயே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே அவரை மடக்கலாம். மறைமுக ஏலத்தில் பேசியதை மீறிப் பத்து ரூபாய் கூட்டி எழுதிவிட்டு ஒருவர் சரக்கைத் தட்டிச் செல்ல முடியும். ஆகவே மறைமுக ஏலத்தில் கூட்டணி கட்டுவது கடினம் என்பது ஏலக் கோட்பாட்டாளர்களின் பொதுக் கருத்து. அதிகாரிகளின் வாதத்துக்கு இதுவே அறிவார்ந்த அடித்தளம்.

ஆனால் அந்த வாதம் ஒரே ஒரு முறை நடக்கும் ஏலத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். நம் கூடங்களில் பருவம் முழுவதும் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. வருகிறவர்களும் அதே சிலர். எந்த லாட்டை யார் எடுத்தார் என்பது பெட்டி திறந்ததும் தெரிந்துவிடுகிறது. லாரியில் ஏற்றும்போது யாருக்கும் தெரிந்துவிடும். மீறியவருக்கு அடுத்த வாரம் பதில் கிடைக்கும். ரகசியத்தின் ஆயுள் பெட்டி பூட்டியிருக்கும் அந்தச் சிறிது நேரம் மட்டுமே. உழவர் சொல்லும் ‘சிண்டிகேட்’ மறைமுக ஏலத்திலும் நிலைக்க முடியும் என்பதற்கு இது போதுமான விளக்கம்.

இது வெறும் ஊகமும் அல்ல. வட இந்தியக் கோதுமைச் சந்தை ஒன்றின் ஏல விவரங்களை ஆராய்ந்து பானர்ஜி, மீனாட்சி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய கொள்முதலாளர்கள் கூடிச் செயல்பட்டதற்கான சான்றுகளைக் காட்டியது. அது திறந்த ஏலம். அரியலூர், பெரம்பலூர் கூடங்களில் அப்படி நடக்கிறது என்று அதைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஏல விவரங்கள் கைக்குக் கிடைத்தால் கூட்டணியைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அது நிறுவுகிறது. ‘நிரூபிக்க முடியாத புகார்’ என்று இனி யாரும் கையை விரிக்க முடியாது.

6. வாய்விட்டுக் கேட்கும் ஏலம்

இதே ஊர்களில் திறந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். ஏரி மீன்பாசிக் குத்தகை, புளியமர மகசூல், சந்தைச் சுங்கம், பேருந்து நிலையக் கடைகள், மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்கள் எல்லாம் பொது ஏலத்தில் போகின்றன. அறிவிப்பில் நாள், இடம், முன்வைப்புத் தொகை, ஆரம்பக் கேட்பு ஆகியவை இருக்கும். முன்பணம் கட்டி டோக்கன் வாங்கியவர் மட்டுமே கேட்கலாம். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ முடிந்தால் பேச்சு முடிந்தது.

இந்த ஏலத்துக்குப் போகிறவருக்கான ஆயத்தம் வேறு வகை. பொருளை முன்னதாகவே நேரில் பார்த்திருக்க வேண்டும். வாகனம் என்றால் கேட்ட தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு, பதிவுச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கும். ஏரி என்றால் பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை, குத்தகைக் காலம் எப்போது தொடங்குகிறது, அதற்குள் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும், குஞ்சு விட்டு வளர்க்க நாள் போதுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு மேல் கேட்பதில்லை என்ற தொகையை வீட்டிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த ஏலத்தில் தோற்பவர்களில் பாதிப்பேர் பணத்தால் தோற்பதில்லை. பங்காளியோ எதிர்வீட்டுக்காரரோ எதிரே நின்று கேட்கும்போது வீம்பில் ஏறிவிடுகிறார்கள்.

வீம்பு இல்லாதவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. கேபன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் 1971இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் குத்தகைகளை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாத பொருளை, மிக அதிகமாக மதிப்பிட்டவர்தான் ஏலத்தில் எடுக்கிறார். அதாவது, வென்றதே தவறாகக் கணித்ததன் அறிகுறியாக இருக்கலாம். கலங்கல் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மீனுக்கும் கடலடி எண்ணெய்க்கும் இந்த விஷயத்தில் வேறுபாடில்லை. போட்டியாளர்கள் கூடக் கூடத் தன் மதிப்பீட்டை இன்னும் குறைத்துக்கொண்டு கேட்பதே நிதானம்.

கிராமங்களில் ஏரி ஏலத்துக்கு முதல் நாளே ஊர்கூடிப் பேசி, இன்னார் பெயரில் எடுப்பது, மற்றவர்கள் கேட்பதில்லை, மீன் விற்ற பணம் கோயில் திருவிழாவுக்கோ பொதுக் காரியத்துக்கோ என்று முடிவு செய்யும் வழக்கம் உண்டு. கோட்பாட்டின் கண்ணில் இது வியாபாரிகளின் கூட்டணி போன்றதே. அரசுக்கு வருவாய் குறைகிறது. ஊரின் கண்ணில் இது தன் ஏரியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை. என் கருத்தில் இரண்டும் ஒன்றல்ல. பருத்தி ஏலத்தில் கூட்டணியால் இழப்பவர் கடன் வாங்கி விதைத்த ஒரு தனி மனிதர். ஏரி ஏலத்தில் விட்டுக்கொடுப்பது அரசின் வருவாயில் ஒரு பகுதி, அது போய்ச் சேர்வதும் அந்த ஊருக்கே. ஆனால் ‘ஊர்’ என்று கூடியவர்களில் எந்தத் தெருவுக்கு இடமில்லை என்பதையும் கேட்காமல் இந்த வழக்கத்தைப் புகழ்ந்துவிடக் கூடாது.

7. அரசு தன் பொருளை விற்கும்போது

இந்த வட்டார மண்ணுக்கு அடியில் பழங்காலக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரசின் டான்செம் ஆலை முதல் தனியார் ஆலைகள் வரை அரியலூரைச் சிமெண்ட் மாவட்டம் ஆக்கியது அதுதான். 2015இல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெரிய கனிமங்களுக்கான புதிய குத்தகைகள் ஏலத்தின் வழியாகவே தரப்பட வேண்டும் என்றாகிவிட்டது. அதே ஆண்டின் கனிம ஏல விதிகள் அந்த ஏலத்தை வடிவமைத்திருக்கும் விதத்தை நம் கூடத்து ஏலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கே குறைந்தபட்ச விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. தகுதியுள்ள கேட்பாளர்கள் மூவருக்குக் குறைந்தால் முதல் முயற்சி ஏலமே ரத்தாகிறது. மூவரோ அதற்கு மேலோ இருந்தாலும் ஒரே சுற்றில் முடிவதில்லை. முதற்சுற்றில் மூடிய கேட்பு. அதில் முன்னணியில் நிற்பவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போகிறார்கள். முதற்சுற்றின் உச்சக் கேட்பு இரண்டாம் சுற்றின் அடித்தொகையாகிறது. அதற்கு மேல் திறந்த மின்னணு ஏலத்தில் ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

மறைமுக ஏலம் நல்லதா, திறந்த ஏலம் நல்லதா என்று கூடத்து வாசலில் நடக்கும் வாக்குவாதத்துக்கு அரசு தன் சொந்தப் பொருளில் தந்த விடை இது: இரண்டும் வேண்டும், அதற்கு முன் அடித்தொகை வேண்டும், அதற்கும் முன் போதிய ஆட்கள் வேண்டும். நிலத்துக்கு அடியில் இருப்பதை விற்கும்போது இந்தக் காப்புகள் எல்லாம் இருக்கின்றன. அதே நிலத்தின் மேல் விளைந்ததை விற்கும்போது, ஒரு லாட்டுக்கு ஒரே ஒரு சீட்டு விழுந்தாலும் அதுவே உச்ச விலை என்று படிக்கப்படுகிறது. ஆதரவு விலை ஏலத்துக்குச் சட்டப்படியான அடித்தொகையும் அல்ல. கனிமக் குத்தகை பல்லாண்டுக்கு ஒருமுறை நடப்பது, பருத்தி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சிறு லாட்டுகளாக வருவது என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு லாட்டுக்கும் இரு சுற்று நடத்துவது கடினம் என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கலாம். மின்னணு ஏலம் வந்துவிட்ட பிறகு அந்தக் காரணம் நிற்கவில்லை. கர்நாடகத்தில் துவரைச் சந்தை ஒன்றில் ஆய்வாளர்கள் இரு சுற்று ஏலத்தை நடத்திப் பார்த்து விலை உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

8. மின்னணுத் தளம்: எதிர்பார்ப்பும் நிபந்தனையும்

2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய தேசிய வேளாண் சந்தையில் தமிழ்நாட்டின் கூடங்களும் படிப்படியாக இணைந்துள்ளன. திருப்பூர் வியாபாரி இருந்த இடத்திலிருந்தே பெரம்பலூர் லாட்டுக்கு விலை போடலாம் என்பதே இதன் கவர்ச்சி. போட்டியாளர்களின் எண்ணிக்கை கூடினால் விலை ஏறும் என்று மேலே கண்டதை நடைமுறைப்படுத்தும் முயற்சி என்று இதைக் கொள்ளலாம்.

கர்நாடகம் 2014இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சந்தைத் தளத்தை லெவி, ராஜன், சிங்வி, ஜெங் ஆகியோர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். நெல்லுக்கு 5.1, நிலக்கடலைக்கு 3.6, மக்காச்சோளத்துக்கு 3.5 சதவீதம் என விலை உயர்ந்திருந்தது. கடைசி இரண்டும் நம் வட்டாரப் பயிர்கள். ஆனால் எல்லாப் பயிருக்கும் எல்லா இடத்திலும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. தரத்தைச் சோதித்துச் சொல்லும் வசதியும் உள்ளூர்ப் போட்டியும் இருந்த இடங்களில்தான் பலன் கூடுதல். காரணம் எளிது. முழங்கை வரை கையை விட்டுப் பார்க்க முடியாதவர் திருப்பூரிலிருந்து எதை நம்பி விலை போடுவார்? கூடத்தில் ஈரமானியும் தரம் பார்க்கும் ஆளும் நம்பகமாக இல்லாவிட்டால், தொலைவில் இருப்பவர் ஆபத்துக்கென்று ஒரு தொகையைக் கழித்துவிட்டே கேட்பார். அப்போது களத்தில் நிற்கும் அதே நான்கு பேர், சீட்டுக்குப் பதில் கைபேசியில் விலை போடுவதாக மட்டும் மாற்றம் முடிந்துபோகும்.

9. விற்பவர் ஏலம் கேட்பதில்லை, ஆனால்

ஏலத்துக்கான ஆயத்தம் என்றால் கேட்பவரின் ஆயத்தம் என்றே நினைக்கிறோம். கூடத்தில் உழவர் எதையும் கேட்பதில்லை. குவியலின் அருகே நிற்கிறார். ஆயினும் அவர் கையிலும் ஒரு விலை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ‘தர முடியாது’ என்று சொல்லும் விலை. சட்டம் தந்த மறுப்புரிமை அந்த விலை இருந்தால்தான் உயிர் பெறும்.

அந்த விலையை எங்கிருந்து பெறுவது? நான்காம் பகுதியில் கண்ட கணக்கை அன்றைய கண்டி விலையைக் கொண்டு தானே போட்டுப் பார்க்கலாம். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் ஒரே சாக்கில் போடாமல் பிரிக்கலாம். கலந்தால் முழு மூட்டைக்கும் மட்டமான சரக்கின் விலைதான் விழும். காலைப் பனியோடு பறித்ததை அன்றே கட்டாமல் உலர்த்தலாம். மக்காச்சோளம் என்றால் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர உலர்களத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதல் வெயில் போதும். சேலம், நாமக்கல் வட்டாரக் கூட்டுறவுச் சங்க ஏலங்களில் அந்த வாரம் என்ன விலை போனது என்று கேட்டு, லாரி வாடகையைக் கழித்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் மறுப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அது மன உறுதியால் வருவதில்லை. வண்டி வாடகை கொடுத்தாயிற்று. மூட்டையைத் திரும்ப ஏற்றினால் இன்னொரு வாடகை. வீட்டில் வைக்க இடமில்லை. மழை வந்தால் போச்சு. பறிப்புக் கூலி அன்று மாலைக்குள் தர வேண்டும். விதையும் உரமும் கடனாகத் தந்த கடைக்காரரே சில சமயம் சரக்கையும் வாங்குகிறவர். இந்த நிலையில் நிற்பவரிடம் ‘உங்களுக்கு மறுக்கும் உரிமை உண்டு’ என்பது தாளில் மட்டும் உண்மை. களத்தைச் சுற்றிவரும் வியாபாரிக்கும் இது தெரியும். யார் திரும்ப ஏற்றிச் செல்வார், யாரால் முடியாது என்பதை அவர் பருத்தியைப் போலவே எடைபோட்டு விடுகிறார்.

இங்கேதான் பொருளீட்டுக் கடனின் இடம் வருகிறது. கூடத்துக் கிடங்கில் சரக்கை வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் பெறலாம். 180 நாள் வரை காத்திருக்கலாம். வழக்கமாக இதை ஒரு கடன் திட்டமாகவே விளம்பரம் செய்கிறார்கள். ஏலத்தின் கோணத்தில் பார்த்தால் இதன் வேலை வேறு: உழவரின் மறுப்பை இது நம்பத்தகுந்ததாக்குகிறது. கூடத்தில் இருக்கும் ஐம்பது உழவரில் பத்துப் பேர் அன்று விற்காமல் கிடங்கில் வைத்துவிட முடியும் என்ற நிலை இருந்தால், மற்ற நாற்பது பேரின் லாட்டுக்கும் சீட்டில் எழுதும் விலை மாறும். காய்ந்த மக்காச்சோளத்துக்கும் எள்ளுக்கும் இது நன்றாகப் பொருந்தும். இடத்தை அடைக்கும் பருத்திக்குக் கிடங்கு வசதி பல மடங்கு வேண்டும். பருத்தி மாவட்டத்தில் மறைமுக ஏலமா திறந்த ஏலமா என்று வாதிடுவதைவிடக் கிடங்கின் சதுர அடியைப் பற்றி வாதிடுவது பயன் தரும் என்பது என் துணிபு.

10. அறிவிப்புப் பலகையில் என்ன இருக்க வேண்டும்

செலவில்லாமல் உடனே செய்யக்கூடிய ஒரு மாற்றத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். இன்று ஏலம் முடிந்ததும் வெளியாவது அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, சராசரி விலை, மொத்த வரத்து. செய்தித்தாளிலும் இதுதான் வருகிறது. இதிலிருந்து போட்டி இருந்ததா இல்லையா என்பதை யாரும் அறிய முடியாது. ஒவ்வொரு லாட்டுக்கும் எத்தனை சீட்டு விழுந்தது, இரண்டாவது உச்ச விலை என்ன என்ற இரண்டு எண்கள் போதும். மூன்று சீட்டுக்குக் குறைவாக விழுந்த லாட்டுகள் எத்தனை என்று வாரந்தோறும் பார்த்தாலே, எந்தக் கூடத்தில் ஆள் பற்றாக்குறை என்று தெரிந்துவிடும். முதல் விலைக்கும் இரண்டாம் விலைக்கும் இடையில் லாட்டுக்கு லாட் பெரிய இடைவெளி தொடர்ந்து இருந்தால், அதுவும் விசாரிக்கத்தக்க அறிகுறி.

இதில் ஒரு கவனம் வேண்டும். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் யார் என்ன எழுதினார் என்பதைப் பெயரோடு வெளியிட்டால், கூட்டணியை மீறியவரைக் கண்டுபிடிக்கும் வேலையை நிர்வாகமே செய்துகொடுத்தது போலாகும். எண்கள் பலகைக்கு வரட்டும். தோற்ற சீட்டுகளில் உள்ள பெயர்கள் விற்பனைக்குழுவின் பதிவேட்டில், தணிக்கைக்கு மட்டும் இருக்கட்டும். மின்னணுத் தளத்தில் இந்த விவரங்கள் ஏற்கெனவே சேமிக்கப்படுகின்றன. சீட்டுப் பெட்டி ஏலத்தில் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும், அவ்வளவே. மூன்று சீட்டுக்குக் குறைவாக விழுந்த லாட்டை அன்றே முடிக்காமல், உழவர் விரும்பினால் கிடங்கு வாடகை இல்லாமல் அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ள விதி செய்யலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு உள்ள அந்த மூவர் விதியைப் பருத்திக்கும் கேட்க அரியலூர், பெரம்பலூர் உழவர் அமைப்புகளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.